பட்டியலைத் திருத்தாமல் மென்பொருளை மாற்றலாமா?

கேள்வி: எக்செல் பட்டியலை வைத்து, வேர்டின் மெயில் மெர்ஜ் வழியாக ஊழியர்களுக்குச் சம்பளக் கடிதம் தயாரிக்கிறோம். வங்கிக் கணக்கு எண்களும் தேதிகளும் தப்பாக விழுகின்றன. புதிய மென்பொருளுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாறலாம். ஆனால் இந்தக் கோளாறு அதனால் தீரும் என்று நம்பிவிடாதீர்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணைச் சாதாரணமாகத் தட்டினால் கடைசி இலக்கம் அந்த நொடியே பூஜ்யமாகிவிடும். முன்னால் நிற்கும் பூஜ்யங்களும் உதிர்ந்துவிடும். அப்படிப் போனதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. எண்களோடு நிற்காமல், மரபணுப் பெயர்களைக்கூட எக்செல் தேதிகளாக மாற்றிவந்தது. கடைசியில் பெயரிடும் குழுவே இறங்கிவந்து ‘மார்ச்1’ மரபணுவை ‘மார்ச்எஃப்1’ ஆக்கியது. 2020இல் வந்த அக்குழுவின் நெறிமுறை இதைக் காரணத்தோடு பதிவு செய்திருக்கிறது. தேதியை அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் வைத்து அச்சிடுவது வேர்டின் பழக்கம்தானே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அதை மெர்ஜ் புலத்திலேயே திருத்தலாம். ஆளுக்கொரு பிடிஎஃப், தானாகப் போகும் மின்னஞ்சல் ஆகியவை வேண்டுமென்றால் மாறுவது நியாயமே. அதற்கு முன், கணக்கு எண் பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்கி, பாஸ்புக்கைப் பார்த்து எண்களை மறுபடி தட்டுங்கள். இணையச் சேவை என்றால், ஊழியர்களின் சம்பள விவரம் யாருடைய சர்வரில் தங்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.