சுண்டைக்காயும் சுமைக்கூலியும்
(வீட்டிற்கும் சிறு தொழிலுக்கும் கருவி தேர்ந்தெடுக்கும் முறை)

முன்னுரை

சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பது நம் முன்னோர் மொழி. ஒரு பொருளுக்குக் கடையில் கொடுக்கும் விலை வேறு, அப்பொருள் நமக்குப் பயன்தருவதற்காக நாம் கொடுத்து முடிக்கும் விலை வேறு என்னும் பொருளியல் உண்மை இச்சிறு பழமொழியுள் அடங்கியுள்ளது. மின்னும் மின்னணுவும் வீடுதோறும் புகுந்துவிட்ட இக்காலத்திற்கு இம்மொழி முன்னினும் மிகுதியாகப் பொருந்துகிறது.

நம் அரசுக் கல்லூரியில் பயில்வோருள் பலர் தத்தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். வீட்டிற்கு மின்விசிறி வாங்குவதானாலும், தந்தையாரின் கடைக்கு அச்சுப்பொறி வாங்குவதானாலும், “நீ படித்த பிள்ளை, எது நல்லதென்று சொல்” என்னும் வினா நம்மை நோக்கியே வருகிறது. நாம் சொல்லும் ஒரு சொல்லை நம்பிப் பெற்றோர் சீட்டுப் பணத்தையோ தவணைக் கடனையோ அதில் இறக்குகின்றனர். ஆகவே அச்சொல்லை விளம்பரத்தைக் கண்டு சொல்லாமல் கணக்கைக் கண்டு சொல்வது நம் கடமையாகும். செயலில் இறங்குமுன் இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் ஊதியத்தையும் சேர்த்து எண்ணவேண்டும் என்பதற்கே வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அந்த எண்ணும் முறையை மூன்று எளிய எடுத்துக்காட்டுகளால் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு கணக்குகள்

எக்கருவியை வாங்கினும் நான்கு கணக்குகள் உண்டு. முதலாவது, வாங்கும் விலை. இரண்டாவது, ஓட்டும் செலவு. மின்சாரம், மை, தாள், மாதச் சந்தா ஆகியன இதில் அடங்கும். மூன்றாவது, பழுதுச் செலவு. பழுது பார்க்கும் கூலி மட்டுமன்றி, கருவி முடங்கிக் கிடக்கும் நாட்களின் இழப்பும் இதில் சேரும். நான்காவது, விடுபடும் செலவு. ஒரு கருவியை விட்டு மற்றொன்றிற்கு மாறும்போது அதனுள் நாம் சேர்த்துவைத்த எழுத்தும் கணக்கும் நம்முடன் வருமா என்பதே இதன் பொருள்.

விலைச் சீட்டில் எழுதப்படுவது முதற் கணக்கு ஒன்றே. ஏனைய மூன்றையும் நாமே எழுதிப் பார்க்கவேண்டும்.

மின்விசிறி: ஓட்டும் செலவு

நம் வீடுகளில் நெடுங்காலமாகச் சுழலும் மின்விசிறியில் இருப்பது தூண்டல் மோட்டார். அதன் சுழலும் பகுதியில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அதனால் காந்தப்புலம் உண்டாகிறது. அம்மின்னோட்டம் ஓடுகையில் ஒரு பகுதி ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. மோட்டாரைத் தொட்டால் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாகப் பரவியுள்ள பி.எல்.டி.சி. மின்விசிறியிலோ சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்களே பொருத்தப்பட்டுள்ளன. அங்கு மின்னோட்டத்தைத் தூண்டவேண்டிய தேவை இல்லை. ஒரு சிறு மின்னணுப் பலகை சுருள்களுக்கு முறைமாற்றி மின்சாரம் கொடுத்துச் சுழற்றுகிறது. எனவே பழைய வகை ஏறத்தாழ 75 வாட் எடுக்கும் இடத்தில் புதிய வகை ஏறத்தாழ 30 வாட் எடுக்கிறது.

இனிக் கணக்கிற்கு வருவோம். வேறுபாடு 45 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மிச்சம் 540 வாட்-மணி. ஆண்டிற்கு ஏறத்தாழ 197 யூனிட். யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய் எனக் கணக்கிற்காகக் கொண்டால் ஆண்டு மிச்சம் ஏறத்தாழ 1,180 ரூபாய். புதிய வகையின் விலை 1,500 ரூபாய் கூடுதல் என வைத்துக்கொண்டாலும், சற்றேறக்குறைய 15 மாதங்களில் அக்கூடுதல் தொகை திரும்பிவிடும். அதன்பின் வருவதெல்லாம் ஊதியமே. மின்கட்டணம் அடுக்கு முறையில் ஏறுவதால், நாம் மிச்சம்பிடிப்பவை மேலடுக்கு யூனிட்டுகள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆனால் இதே மின்விசிறியை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே புழங்கும் பூசை அறையில் மாட்டினால் என்னாகும்? ஆண்டு மிச்சம் 16 யூனிட். ஏறத்தாழ 98 ரூபாய். கூடுதல் விலை திரும்பப் பதினைந்து ஆண்டுகள் ஆகும்! ஒரே கருவி கூடத்தில் சிக்கனமாகவும் பூசை அறையில் ஆடம்பரமாகவும் ஆவதைக் காண்க. நன்மையும் தீமையும் கருவியில் மட்டும் இல்லை. அதைப் பயன்படுத்தும் நேரத்தில் இருக்கிறது.

பழுதுக் கணக்கையும் மறத்தலாகாது. பழைய மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர் மாற்றினால் சரியாகிவிடும். காயில் கருகினால் தெருமுனைக் கடையிலேயே மறுபடி கட்டித் தருவர். புதிய வகையில் மின்னணுப் பலகை பழுதுற்றால் அதே நிறுவனத்தின் பலகையே பெரும்பாலும் தேவைப்படும். ஆதலின் உறுதிக்காலம் எத்தனை ஆண்டு, நம் ஊரில் பழுது பார்ப்பார் உண்டா என்ற இரு வினாக்களையும் கேட்ட பின்பே பணம் கொடுக்கவேண்டும்.

2001 ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002 இல் அமைக்கப்பட்ட பி.இ.இ. என்னும் நடுவண் அரசு அமைப்பு, கருவிகளுக்கு விண்மீன் குறியீடு வழங்குகிறது. கூரை மின்விசிறிகளுக்கு இக்குறியீடு 2023 சனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. மின்விசிறியின் தரம், ஒரு வாட் மின்திறனுக்கு நிமிடத்திற்கு எத்தனை கனமீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. குறைந்த வாட் மட்டும் போதாது, காற்றும் வரவேண்டும் என்பதே இவ்வளவையின் கருத்து.

அச்சுப்பொறி: வாங்காமையும் ஒரு தேர்வே

சுண்டைக்காய்ப் பழமொழிக்கு அச்சுப்பொறியைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. மைப்பெட்டி வைத்து அச்சிடும் சிறு பொறிகள் மலிவாகவே விற்கப்படும். ஆனால் அதன் கார்ட்ரிட்ஜ் என்னும் மைப்பெட்டியோ சில முறை மாற்றினாலே பொறியின் விலையை எட்டிவிடும். மேலும், பல வாரம் பயன்படுத்தாமல் வைத்தால் அச்சுத் தலையின் நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தூய்மை செய்யவும் மையே செலவாகும். 2010 இல் எப்சன் நிறுவனம் மைத்தொட்டி வகைப் பொறிகளை முதலில் இந்தோனேசியாவில் அறிமுகம் செய்தது. இவற்றில் பொறியின் விலை கூடுதல். குப்பி மையை ஊற்றிக்கொள்வதால் பக்கச் செலவு குறைவு. லேசர் பொறியில் உள்ளது டோனர் என்னும் தூள். தூள் ஆதலின் மைபோல் உலர்வதில்லை. எப்போதாவது அச்சிடுவோர்க்கும் எழுத்து மட்டும் அச்சிடுவோர்க்கும் அது ஏற்றது.

கணக்கிற்காக இரு பொறிகளை எடுத்துக்கொள்வோம். முதற்பொறி 4,000 ரூபாய். பக்கத்திற்கு 4 ரூபாய் மை. இரண்டாம் பொறி 12,000 ரூபாய். பக்கத்திற்கு 80 காசு. விலை வேறுபாடு 8,000 ரூபாய், பக்க வேறுபாடு 3 ரூபாய் 20 காசு. எட்டாயிரத்தை வகுத்தால் 2,500 பக்கங்கள். நாளொன்றுக்கு 50 பக்கம் அச்சிடும் கடைக்கு இரண்டாம் பொறியின் கூடுதல் விலை 50 நாளில் திரும்புகிறது. மாதம் 20 பக்கம் அச்சிடும் மாணவர் வீட்டிற்கோ 125 மாதம், அதாவது பத்தாண்டிற்கு மேல் ஆகும்.

அப்படியானால் அம்மாணவர் முதற்பொறியை வாங்கலாமா? அதுவும் தகாது. மாதம் 20 பக்கத்திற்கு 80 ரூபாய் மையும், அதன்மேல் 4,000 ரூபாய் முதலும், மை உலரும் தொல்லையும் தாங்குவதைவிட, கல்லூரி வாயிலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்கு நடந்து செல்வதே சிக்கனம். வாங்காமல் இருப்பதும் ஒரு தேர்வே என்பதை எந்த விற்பனையாளரும் நமக்குச் சொல்லமாட்டார். அதனை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

வாங்குவதானால் ஒரு பெட்டி எத்தனைப் பக்கம் தரும் என்று கேட்க. லேசர் பொறிகளின் கருப்பு டோனருக்கு இதை அளக்க ஐ.எஸ்.ஓ. 19752 என்னும் பன்னாட்டு முறை உண்டு. பெட்டியின் விலையை அப்பக்க எண்ணால் வகுத்தால் வருவதே பக்கச் செலவு. இவ்வகுத்தலுக்கு ஐந்தாம் வகுப்புக் கணிதமே போதும்.

எழுத்தும் ஏடும்: விடுபடும் செலவு

நான்காம் கணக்கே பலரும் எண்ணாதது. நம் தமிழ் எழுத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1990களில் தமிழ் எழுத்துருக்களை உருவாக்கிய ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் குறியாக்கத்தைக் கையாண்டது. ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999 இல் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடைபெற்றது. அதனையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் வரையறுக்கப்பட்டன. 1991 இலேயே உலகப் பொதுமுறையாகிய ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010 இல் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்றது.

இதனால் சிறு அச்சகத்தார்க்கு வந்த இழப்பை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகள் உழைத்துத் தட்டெழுதிய திருமண அழைப்பிதழ்கள், கோயில் மலர்கள், நூல்கள் ஆகியவை பழைய எழுத்துருவோடு கட்டுண்டு கிடந்தன. மாற்றித் தரும் நிரல்கள் இருந்தும், மாற்றியபின் பிழைதிருத்தும் உழைப்பு மிஞ்சியது. எழுத்துரு வாங்கிய நாளில் இச்செலவு எந்தச் சீட்டிலும் எழுதப்படவில்லை.

இப்பாடத்தை நம் மளிகைக் கடையின் பற்று வரவுக் கணக்கிற்கு ஏற்றிப் பார்ப்போம். தாள் ஏட்டிற்கு மின்சாரம் வேண்டா. ஆனால் அது தானே கூட்டிச் சொல்லாது, கரையானுக்கும் மழைக்கும் அஞ்சும். கைப்பேசிச் செயலி நொடியில் கூட்டிச் சொல்லும். ஆனால் கைப்பேசி தொலைந்தால்? யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது கடைக்காரரின் முதலேயன்றோ! அந்த முதல் மறைந்தால், கொடுத்த கடனைக் கேட்கவும் வாயில்லை.

எனவே எச்செயலியையும் ஏற்குமுன் ஒரு சிறு சோதனை செய்க. பத்து வரவு செலவுகளை அதில் பதிந்து, அவற்றைப் பொதுவான அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் ஏற்கலாம், வெளியே எடுக்கவே வழியில்லையெனில் அது எவ்வளவு அழகாயினும் விலக்குக. உள்ளே போகும் வாயில் எல்லாச் செயலிக்கும் உண்டு. வெளியே வரும் வாயில் உண்டா என்பதே கேள்வி.

ஏற்ற பின்னும் முக்கியமான கணக்கிற்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவகை ஊடகத்தில் இருக்கவேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்கவேண்டும். படி எடுத்தால் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்த்தலும் வேண்டும்.

பழுதாகாமலே பழையதாதல்

மேற்கூறிய நான்கு கணக்குகளும் ஒருங்கே வந்து நிற்கும் இடம் கடையில் உள்ள கணினி. 2015 இல் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. வீட்டுப் பயனாளர்க்கு 2026 அக்டோபர் வரை நீட்டிப்புக் காப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் காப்பு வசதியைக் கேட்பதால், நன்றாக ஓடும் பழைய கணினிகள் பல அதனை ஏற்கும் தகுதி பெறவில்லை. கருவி கெடவில்லை, ஆனால் காவல் நீங்கியது. காவல் நீங்கிய கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது தாழில்லாத கதவுள்ள வீட்டில் நகை வைப்பதை ஒக்கும்.

உடனே புதிது வாங்குவது ஒன்றே வழியன்று. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் பல பழைய கணினிகளில் நன்கு ஓடும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. ஆகவே இஃது நமக்கு முற்றிலும் புதியதன்று. பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, பிடித்திருந்தால் பின்னர் நிறுவிக்கொள்ளலாம். ஆயினும் கடையின் ரசீது மென்பொருளும் அச்சுப்பொறியும் அதில் இயங்குமா எனச் சோதித்த பின்பே மாறவேண்டும். இயங்காவிடில் புதிய கணினியே முறை; அப்போதும் வாங்கும் நாளிலேயே அதன் ஆதரவு எந்த ஆண்டு வரை என்று கேட்டு, விலையை அவ்வாண்டுகளால் வகுத்துப் பார்க்கவேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கருவியைப் பற்றிய முதற் கேள்வி “விலை என்ன?” என்பதன்று என்பது புலனாகும். நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எத்தனைப் பக்கம் பயன்படும்? ஓட்ட என்ன செலவு? நம் ஊரில் யார் பழுது பார்ப்பார்? விட்டு வெளியேறினால் நம் கணக்கு நம்முடன் வருமா? இந்நான்கிற்கும் விடை கண்ட பின்பே ஐந்தாவதாக விலையைக் கேட்கவேண்டும்.

நண்பர்களே, வரும் விடுமுறையில் ஒரு சிறு செய்முறைப் பயிற்சி செய்யுங்கள். உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு மின்கருவியின் பெயர், அதன் வாட், நாள்தோறும் ஓடும் மணி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பெருக்குங்கள். இரு மாத மின்கட்டணச் சீட்டுடன் ஒப்பிடுங்கள். எக்கருவி மிகுதியாக உண்கிறது என்பது தெரிந்துவிடும். அத்தாளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை வீட்டில் உங்களை யோசனை கேட்கும்போது, உங்கள் விடைக்கு அதுவே துணை நிற்கும்.