எந்தக் கறைக்கு எது? அடுப்படிப் பொருட்களால் வீட்டைச் சுத்தம் செய்யும் முறை

பொங்கலுக்கு வீட்டைக் கழுவப் போறீங்களா? இல்லை, ஞாயிற்றுக்கிழமைதானே என்று பாத்ரூமைத் தேய்க்கக் கிளம்பிட்டீங்களா? எப்படியும் உங்க செல்போனுக்கு ஒரு வீடியோ வந்திருக்கும். 'இதையும் அதையும் கலந்து ஊத்துங்க, டைல்ஸ் பளபளன்னு ஆயிடும்' என்று அதில் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுப்படிப் பொருட்களால் சுத்தம் செய்வது நமக்குப் புதுசு இல்லை. செலவு குறைவு, நெடியும் இல்லை. ஆனால் நம் பாட்டிமார் கண்டதையும் கலக்கவில்லை. பித்தளைக்குப் புளி, எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல், பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் போதும். எந்த வீடியோவை நம்பலாம், எதை விடலாம் என்று நீங்களே சொல்லிவிடுவீங்க.

முதலில் கறையைப் பாருங்க

1. உப்புக்கறைக்குப் புளிப்பு: போர் தண்ணீர் வரும் வீடுகளில் குழாய், பக்கெட், ஷவர் எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். அது பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு. சோப்புக்கு அது அசையாது, புளிப்புக்குக் கரையும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு துணியை நனைத்துக் குழாயில் சுற்றி வையுங்க. 15 முதல் 20 நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவி, துடைத்துவிடுங்க. பித்தளை, செம்பில் படியும் கறுப்புக்குப் புளியும் கொஞ்சம் உப்பும் போதும். தேய்த்த பிறகு நன்றாகக் கழுவி ஈரத்தைத் துடைக்கணும், இல்லாவிட்டால் மறுபடி கறுக்கும்.

2. எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா: அடுப்புக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, 10 நிமிடம் கழித்துத் தேய்க்கலாம். ரொம்ப நாள் பிசுக்கு என்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டேபிள்ஸ்பூன் சலவை சோடா. இதற்குக் கையுறை அவசியம். அலுமினியப் பாத்திரத்தில் சலவை சோடா படக்கூடாது, கறுத்துவிடும்.

3. சாதாரண அழுக்குக்கு நுரை: பூந்திக்கொட்டையில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் இருக்கிறது. விதை நீக்கிய 10, 15 கொட்டைகளை அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் தரை துடைக்க, பட்டுத் துணி அலச, நகை கழுவ ஆகும். கண்ணில் பட்டால் எரியும், கவனம். இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், அதனால் தேவைக்கு மட்டும் செய்யுங்க.

தோலை வீணாக்காதீங்க

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடித் தோல் சேருகிற வீடுகளில் பயோ என்சைம் செய்யலாம். அளவு: வெல்லம் 1 பங்கு, தோல் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு. கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டு மூடுங்க. உள்ளே வாயு சேரும் என்பதால் முதல் மாதம் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து மூடணும். மூன்று மாதத்தில் தயார். வடிகட்டி, தண்ணீர் கலந்து தரை துடைக்கலாம். மிஞ்சிய சக்கை மக்கும் குப்பைக்கு.

எந்தத் தரைக்கு ஆகாது?

மார்பிள், மொசைக், கடப்பா கல், சிமென்ட் தரை, இவற்றிலெல்லாம் சுண்ணாம்பு இருக்கிறது. குழாயில் உப்பைக் கரைத்த அதே வினிகர் இங்கே தரையையே அரிக்கும், பளபளப்பு போய்விடும். பயோ என்சைமும் புளிப்புதான். சந்தேகமா? கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க. நுரைத்தாலோ மங்கினாலோ அந்தத் தரைக்குப் புளிப்பே வேண்டாம்.

நுரைத்தால் வேலை நடக்குதா?

வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் பொங்கும், வீடியோவில் பார்க்க நல்லா இருக்கும். ஆனால் அந்த இரண்டும் ஒன்றின் சக்தியை இன்னொன்று தீர்த்துவிடும். பொங்கி அடங்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். உப்புக்கறைக்கு வினிகர், பிசுக்குக்குச் சோடா என்று தனித்தனியாகப் போடுங்க. இரண்டையும் கலந்து பாட்டிலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும்.

இதை மட்டும் மறக்காதீங்க

எங்கள் வீட்டிலேயே நடந்தது. பாத்ரூம் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார் அம்மா. கறை போகலையே என்று அதன் மேலேயே வினிகரையும் ஊற்றிவிட்டார். சில நொடிகளில் தொண்டை அடைக்கிற இருமல், கண் எரிச்சல். கதவு திறந்திருந்ததால் உடனே வெளியே ஓடி வந்தார். 'இயற்கைப் பொருள்தானே, என்ன ஆகும்னு நினைச்சேன்' என்றார் பிறகு.

பிளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, பயோ என்சைம், கழிவறை ஆசிட் என்று எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயு. அப்படி ஆகிவிட்டால் உடனே வெளியே வாங்க, கழுவிவிடலாம் என்று மறுபடி உள்ளே போகாதீங்க. மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்க.

சுத்தம் வேறு, கிருமி நீக்கம் வேறு

வினிகரோ பூந்திக்கொட்டையோ அழுக்கை எடுக்கும், எல்லாக் கிருமியையும் கொல்லாது. வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் கழிவறையை முதலில் சோப்பு போட்டுக் கழுவி, தண்ணீர் விட்டு அலசி, பிறகு பாக்கெட்டில் உள்ள அளவுப்படி பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்துங்க. கதவு, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தண்ணீர்த் தொட்டி, டிரம்முக்கோ தேங்காய் நாரே போதும். டெங்கு கொசு தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் அது போகாது. வாரம் ஒரு நாள் உள்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, மூடி வையுங்க.

குழந்தைகள் இருக்கும் வீடா?

வீட்டில் செய்த கரைசலைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீங்க. தனி பாட்டில், மேலே பெயர், கைக்கு எட்டாத உயரம். கற்பூரமும் அப்படித்தான், குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-ஐ அழைத்து, அந்தப் பாட்டிலையும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. மருத்துவ ஆலோசனைக்கு 104.

ஒரு சின்ன சோதனை

• குழாயில் வெள்ளைப் படிவு. எது போடுவீங்க?
• கடப்பா கல் மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு. வினிகரா, சோடாவா?
• பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் எலுமிச்சைத் தோலால் தேய்க்கலாமா?

விடைகள்: வினிகர் அல்லது எலுமிச்சை, சோடா, கூடவே கூடாது.

மூன்றும் சரியா? அப்போ அடுத்த தடவை அந்த வீடியோ வந்தால், குடும்ப குரூப்பில் பதில் சொல்லப் போவது நீங்கதான்.