புது வீடு விற்பனையில் இறங்கும் வணிகருக்கு

கடைப் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டு, வீடு விற்றுத் தரும் தொழிலில் இறங்கலாமா என்று நம் வணிகர்கள் சிலர் கேட்கின்றனர். இறங்கலாம். ஆனால் பழைய வீடுகளை விட்டு, புதிதாகக் கட்டி விற்கும் வீடுகளில் தொடங்குவதே நல்லது.

பழைய வீடு என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பத்திரம், வில்லங்கம், பங்காளிகள் சம்மதம் பார்க்க வேண்டும். 40 வீடுகள் கொண்ட புது அடுக்கு மாடிக்கு மூலப் பத்திரமும் கட்டட அனுமதியும் ஒன்றே. ஒரு முறை வழக்கறிஞரிடம் காட்டித் தெளிந்துகொண்டால் 40 பேருக்கும் விளக்கிச் சொல்லலாம். விலையும் கட்டுநரே நிர்ணயிப்பது.

முதல் வேலை பதிவு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கும் வீடுகள் எட்டுக்கும் மேற்பட்ட திட்டம் மாநில ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். அதில் விற்றுத் தரும் முகவரும் பதிவு பெற வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், வீட்டு மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கலாம்.

அடுத்தது அளவு. சாக்கோடு நிறுத்த எடைக்கும் நிகர எடைக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். வீட்டிலும் அதே கதைதான். படிக்கட்டு, வராந்தா எல்லாம் சேர்த்துச் சொல்லும் அளவு வேறு. வீட்டுக்குள் புழங்கும் ‘கார்பெட் ஏரியா’ வேறு. இரண்டையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது பணம். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. முன்பணம் எதுவும் நம் கல்லாவுக்குள் வர வேண்டாம். வாங்குபவரே கட்டுநர் பெயருக்குக் காசோலை தரட்டும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அதைச் சரிசெய்வது கட்டுநர் பொறுப்பு. இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

தரகு மாதந்தோறும் வராது. எனவே கடை முதலில் கை வைக்கக் கூடாது.

நம்மிடம் முதலில் வீடு கேட்டு வருபவர், பல காலமாக நம் கடையில் பற்று வைத்து வாங்குபவராகவே இருப்பார். பருப்பு சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு தருகிறோம். ஆயுள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டை அப்படி மாற்றித் தர இயலாது. அன்று போவது தரகு மட்டுமல்ல, கடையின் பெயரும்தான். ஆகவே, பத்திரம் பார்க்காத வீட்டை எந்த வாடிக்கையாளருக்கும் காட்டாதிருப்போம்.