இடர்களை எண்ணிப் பார்க்கும் பலகை

கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஒரு புதிய திட்டத்தை மேற்கொள்ளுங்கால், அதில் இடப்படும் முதல் தனி ஒருவருடையதன்று. அங்கத்தினர் யாவருடைய பங்குத்தொகையும் உழைப்பும் அதில் அடங்கியுள்ளன. ஆதலின், திட்டத்திற்கு நேரக்கூடிய இடர்கள் யாவை என முன்னரே ஆராய்ந்து வைத்தல் நிர்வாகக் குழுவின் கடமை மட்டுமன்று. நம் அனைவருடைய கடமையுமாகும். அவ்வாராய்ச்சிக்கு இக்காலத்தில் துணைபுரியும் மின்வெண்பலகை என்னும் சாதனத்தைப் பற்றி இம்மாதப் பாடத்தில் காண்போம்.

பலகை என்பது யாது?

பள்ளிக்கூடத்துக் கரும்பலகை சுவரில் இருப்பது. மின்வெண்பலகையோ கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் தோன்றுவது. மிரோ, மியூரல், மைக்ரோசாஃப்ட் ஒயிட்போர்டு முதலியன இவ்வகையின. இவற்றுள் மிரோ 2011-ஆம் ஆண்டில் ரியல்டைம்போர்டு என்னும் பெயருடன் தோன்றி, 2019-இல் இப்பெயர் பெற்றது. பலர் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டே ஒரே பலகையில் சிறு சீட்டுகளை ஒட்டலாம். அவற்றை இடம் மாற்றலாம். வண்ணத்தால் வகை பிரிக்கலாம்.

முதற்படி: எழுதுதல்

தீபாவளி விற்பனைக்கென 300 சேலைகள் நெய்து தர ஒரு நெசவாளர் சங்கம் திட்டமிடுவதாகக் கொள்வோம். ஒரு சீட்டுக்கு ஓர் இடர் என எழுதவேண்டும். 'மழை' என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. 'புரட்டாசிக் கடைசியில் மழை முந்திக்கொண்டால், வீதியில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்க இயலாமல் நெசவு பத்து நாள் பின்தங்கும்' என்று எழுதினால், காரணம், நிகழ்ச்சி, விளைவு ஆகிய மூன்றும் விளங்கும்.

தலைவர் கருத்துரைத்த பின்னர் மாறுபட்டு உரைக்கத் தயங்குவோர் எக்கூட்டத்திலும் உளர். ஆகவே முதற் பத்து நிமிடம் ஒருவரும் பேசாது எழுதுவதே முறை. குழித்தறியில் நீர் ஊறுவதைத் தறியில் அமர்ந்தவர் அறிவார். நூல் அடிக்கடி அறுவதைத் தார் சுற்றும் பெண்டிர் அறிவர். அவ்வறிவு பலகைக்கு வந்து சேர்தல் வேண்டும். கைப்பேசி இல்லாதார் சொல்ல, காரியதரிசி எழுதுவாராக.

இரண்டாம் படி: மதிப்பிடுதல்

பலகையில் ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் வரைக. கீழிருந்து மேலாக, நிகழும் வாய்ப்பு 1 முதல் 5 வரை. இடமிருந்து வலமாக, விளையும் கேடு 1 முதல் 5 வரை. ஒவ்வொரு சீட்டையும் உரிய கட்டத்தில் வைத்து இரண்டையும் பெருக்குக. 2021-22 காலத்தில் பருத்தி நூல் விலை ஏறியதை நாம் மறந்திலோம். ஆகவே நூல் விலையேற்றத்துக்கு வாய்ப்பு 4, கேடு 4, பெருக்கம் 16 எனலாம். மேற்கூறிய மழைக்கு வாய்ப்பு 4, கேடு 3, பெருக்கம் 12 ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் சிறிது நேரம் மின்சாரம் நிற்பதற்கு வாய்ப்பு 5, கேடு 1. சரக்கறையில் வெள்ளம் புகுவதற்கு வாய்ப்பு 1, கேடு 5. இரண்டின் பெருக்கமும் 5 தான். ஆயினும் முன்னது சிறு தொல்லை. பின்னது சங்கத்தின் முதலையே கொண்டுபோவது. 2015-ஆம் ஆண்டுப் பெருமழையில் சென்னை, காஞ்சிபுரம், கடலூர் மாவட்டங்கள் பட்ட பாட்டை அறிந்தவர் இரண்டையும் ஒன்றென எண்ணார். ஆகவே கேடு 5 என நிற்கும் எச்சீட்டையும், அதன் பெருக்கம் எவ்வளவு சிறிதாயினும், தனியே எடுத்து ஆராய்தல் வேண்டும்.

மூன்றாம் படி: பரிகாரம்

பரிகாரம் நால்வகைப்படும். முழுவதும் கடனுக்குக் கேட்கும் வியாபாரியின் ஆர்டரை மறுப்பது தவிர்த்தல். நூலில் ஒரு பகுதியை முன்னரே கொள்முதல் செய்வதும், ஆவணியிலேயே பாவு வேலையை முடிப்பதும் குறைத்தல். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்வது பகிர்தல். சிறு மின்தடையைப் பொறுத்துக்கொள்வது ஏற்றல். ஒவ்வொரு சீட்டிலும் பொறுப்பாளர் பெயரும் முடிக்கவேண்டிய நாளும் இருத்தல் வேண்டும். பொறுப்பாளர் இல்லாத சீட்டு வெறும் கவலையே. இருவாரத்துக்கு ஒருமுறை கூடிச் சீட்டுகளின் இடத்தை மாற்றியமைப்பதும் இன்றியமையாதது.

விவசாயிகளுக்கும் இம்முறை பொருந்தும். மஞ்சள் பயிரிடுவோர், வடிகால் இன்மையால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகுவதை ஒரு சீட்டிலும், அறுவடைக் காலத்து விலைவீழ்ச்சியை மற்றொரு சீட்டிலும் எழுதலாம்.

கவனிக்கவேண்டியவை

பலகையின் இணைப்பு முகவரி எவர் கைக்கும் போகக்கூடும். ஆகவே அங்கத்தினரின் கடன் விவரமும் ஆதார் எண்ணும் அதில் எழுதலாகாது. பார்க்கும் உரிமையைச் சங்கத்தாருக்கு மட்டும் அளிக்கவேண்டும். முடிந்த பலகையை அச்சிட்டுச் சங்க அலுவலகத்தில் ஒட்டினால், யாவரும் காண்பர். பலகை நமக்காகத் தீர்மானம் செய்யாது. நாம் அறிந்தவற்றை ஒருங்கே காட்டுவது அதன் பணி. சேலை பண்டிகைக்குப் பின் வந்து சேர்ந்தால், இழப்பு நெசவாளியின் கூலியிலும் சங்கத்தின் கடனிலும் வந்து விடியும். முன்கூட்டி எழுதும் சீட்டுக்குச் செலவு ஏதுமில்லை.

பயிற்சி: உங்கள் சங்கத்தின் அடுத்த திட்டத்துக்கு ஐந்து இடர்களைக் காரணம், நிகழ்ச்சி, விளைவு தோன்ற எழுதுக. அவற்றுள் கேடு 5 பெறுபவை யாவை? ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்பவர் யார்? அடுத்த கூட்டத்தில் இவ்விடைகளை ஒப்பிட்டுப் பார்க்க.