நாயென்று பெயர், பூனையோடு உறவு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

பெயரைக் கொண்டு ஒரு விலங்கின் குலத்தை அறிந்துவிட முடியுமா? முடியும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னை மரம் உண்டு. சென்ற ஆண்டு ஓரிரவு, அதிலிருந்து மரநாய் ஒன்று ஓட்டுக் கூரையின்மேல் இறங்கி ஓடியது. மாட வீதியில் பூ விற்கும் என் அம்மா, "ஏன்டா, இது நாய் ஜாதியா, பூனை ஜாதியா?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பேரிலேயே நாய் இருக்கேம்மா" என்றேன். அம்மாவும் நம்பிவிட்டார்.

இவ்வாண்டு பாலூட்டிகளைப் பற்றிப் படித்தபோதுதான் என் விடை தவறு என்று தெரிந்தது.

ஊனுண்ணி வரிசை இரு பெருங்கிளைகளை உடையது. நாய், கரடி, நீர்நாய் முதலியவை நாய்க்கிளை. பூனை, புலி, புனுகுப்பூனை, கீரி, கழுதைப்புலி முதலியவை பூனைக்கிளை. மரநாய் புனுகுப்பூனையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அதுவும் பூனைக்கிளையே! அது பழங்களை விரும்பித் தின்னும். எனினும் ஊனுண்ணி வரிசையில்தான் இருக்கிறது. பெயர் மட்டுமன்று, உணவும் நம்மை ஏமாற்றும்.

அப்படியானால் எதை நம்புவது? 1869-இல் ஆங்கில அறிஞர் வில்லியம் ஹென்றி ஃபிளவர் மண்டையோட்டின் அடிப்பகுதியை ஆராய்ந்து ஊனுண்ணிகளை வகைப்படுத்தினார். நடுச்செவியை மூடியுள்ள எலும்புக் குமிழ், பூனைக்கிளையில் பொதுவாக ஒரு தடுப்பினால் இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கும். நாய்க்கிளையில் அத்தகைய முழுத் தடுப்பு இல்லை.

நம் நீலகிரியின் சீகூர்ப் பகுதியிலும் வாழும் வரிக் கழுதைப்புலியை, 1758-இல் லின்னேயஸ் நாய்ப் பேரினத்தில் சேர்த்தார். அதன் செவிக்குமிழும் சற்று மாறுபட்டதுதான். ஆனால் மரபணு ஆய்வுகள் அதைப் பூனைக்கிளையில் உறுதிப்படுத்திவிட்டன. 'புலி' என்று பெயரிட்ட நம் மக்கள் இவ்விடத்தில் லின்னேயஸை வென்றுவிட்டார்கள்! கீரியையோ நெடுங்காலம் புனுகுப்பூனைக் குடும்பத்திலேயே வைத்திருந்தனர். இன்று அதற்குத் தனிக் குடும்பம் உண்டு. அடையாற்றுத் தோட்டங்களில் பாம்பைத் தேடித் திரியும் கீரிக்கு, புனுகுப்பூனையைவிடக் கழுதைப்புலியே நெருங்கிய உறவு என்றால் வியப்பாக இல்லையா?

அன்று மாலையே அம்மாவிடம் என் பிழையைச் சொன்னேன்.

"அது மரம் ஏறும்போதே நெனச்சேன்" என்றார்.

"கரடிகூட மரம் ஏறும்மா. அதை வச்சுச் சொல்ல முடியாது. காதெலும்பைப் பார்க்கணும்" என்றேன்.

பூத்தொடுத்த கை ஒரு கணம் நின்றது. "அப்போ நீ மட்டும் அன்னிக்கு எதைப் பார்த்துச் சொன்ன?"

என்னிடம் விடை இல்லை. பெயரைப் பார்த்தேன், வேறெதையும் பார்க்கவில்லை. படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிக் கேட்பவர்கள் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லுமுன் உள்ளே இருக்கும் எலும்பையும் ஒருமுறை பார்த்துவிடுவோம், நண்பர்களே!