சிவப்பைத் தேரும் பறவை

பறவையினங்கள் பலவற்றில் ஆண் ஒளிமிக்க வண்ணத்தோடும் பெண் மங்கிய நிறத்தோடும் இருப்பதைக் காண்கிறோம். உயிர் பிழைக்க உதவும் பண்புகளே தலைமுறைதோறும் நிலைபெறும் எனில், கொன்றுண்ணும் பறவையின் கண்ணில் எளிதில் படும் இறகு எவ்வாறு நிலைபெற்றது? இவ்வினா சார்லஸ் டார்வினை நெடுநாள் வருத்தியது. பெண்பறவை தன் துணையைத் தேர்ந்தெடுக்கிறது. அத்தேர்வே ஆணின் இறகுக்கு வண்ணம் சேர்த்தது என்று 1871இல் வெளியிட்ட நூலில் அவர் விடை கூறினார்.

இயற்கைத் தேர்வுக் கொள்கையை அவரைப் போலவே தனித்துக் கண்டறிந்த ஆல்ஃபிரட் வாலஸ் இவ்விடையை ஏற்கவில்லை. வலிமை மிக்க ஆணிடம் நிறமும் தானே மிகும். பெண்ணை ஈர்ப்பது அவ்வலிமையேயன்றி நிறமன்று என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று இது. நிறமும் வலிமையும் ஓருடலில் ஒன்றாக இருக்கையில், பெண் எதனைக் கண்டது என்று எப்படிச் சொல்வது?

ஆணின் உடலை மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பறவையியல் அறிஞர் ஜெஃப்ரி ஹில் அதனைச் செய்தார். அவர் தேர்ந்தது ஹவுஸ் ஃபின்ச் என்னும் சிட்டளவுப் பாடும் பறவை. இவ்வினத்தில் ஆணின் தலையும் மார்பும் வெளிர்மஞ்சள் முதல் அடர்சிவப்பு வரை பறவைக்குப் பறவை வேறுபடும். மிச்சிகன் மாநிலத்தில் ஆண்பறவைகளைப் பிடித்து, தலைமுடிச் சாயத்தால் சிலவற்றைச் சிவப்பாக்கினார், சிலவற்றை வெளுக்கச் செய்தார், பிறகு பறக்கவிட்டார். சிவப்பாக்கப்பட்டவை விரைவிலும் மிகுதியாகவும் துணை பெற்றன. வெளுக்கப்பட்டவை பின்தங்கின. சாயம் வலிமையைக் கூட்டாது. ஆகவே, பெண் கண்டது நிறத்தையே என்பது உறுதியாயிற்று. ஆய்வின் முடிவு 1991இல் நேச்சர் இதழில் வெளிவந்தது.

அந்நிறம் வருவது உணவிலிருந்து. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அடிப்படையான கரோட்டினாய்டு என்னும் நிறமியைப் பறவையின் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. கனிகளிலும் விதைகளிலும் இருந்தே பெறவேண்டும். கூண்டில் வெறும் தானியம் உண்டு வளரும் ஆண், இறகுதிர்த்துப் புதுஇறகு பூணும்போது மஞ்சளாகிவிடுவது இதனால்தான். இப்பறவை கோடையின் இறுதி தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறையே இறகு மாற்றுகிறது. வசந்தத்தில் ஆணின் மார்பை நோக்கும் பெண், கடந்த ஆண்டில் அது எவ்வாறு உண்டு வாழ்ந்தது என்பதற்கான சான்றினைக் காண்கிறது என்று சொன்னாலும் தகும்.

அச்சான்று பெண்ணுக்கு எதற்கு? ஏறத்தாழ இரு கிழமைகள் பெண் மட்டுமே அடைகாக்கும். அந்நாள்களில் அதற்கு இரை கொணர்ந்து ஊட்டுவது ஆண். சிவந்த ஆண்கள் கூட்டுக்கு மிகுதியாக இரை கொணர்ந்ததையும், குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைப்பதில் அவையே முந்தியதையும் ஹில் கண்டார். விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றும். ஆயினும் மாண்டனா மாநிலத்தில் அதே இனத்தை ஆராய்ந்தோர் கண்டது நேர்மாறு: அங்கே சிவப்பு மிக்க ஆண்களே ஊட்டும் பணியில் பின்தங்கின, நிறம் குறைந்தவை அடைகாக்கும் துணைக்கு இரையை ஓயாது சுமந்து வந்தன.