உருவும் எடையும்

கடைத்தெருவில் தொங்கும் தராசு பொருளின் உருவத்தைக் கண்டு மயங்குவதில்லை. ஒரு சாக்கு நிறைந்த பஞ்சைச் சிறுவனும் எளிதில் சுமந்து செல்வான். அச்சாக்கில் நூற்றில் ஒரு பங்கு இடமே கொள்ளும் இரும்புக் கட்டியோ அதனினும் கனமாக இருத்தல் கூடும். இவ்வுண்மை விரைந்தோடும் கார்களுக்கும் பொருந்தும். சிறிய கார் பெரிய காரைவிட எடை குறைந்தது என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எப்பொழுதும் சரியாவதில்லை.

விரைவுக் கார்களில் எடையைப் பற்றி ஏன் இத்துணைக் கவலை? ஒரே விசையால் தள்ளப்படும் இரு பொருள்களுள் எடை குறைந்ததே விரைவில் வேகம் பெறும். இது நியூட்டன் கண்ட விதி. வண்டியை நிறுத்தும்பொழுதும் இவ்விதியே ஆட்சி செலுத்துகின்றது. எடை மிகுந்தால் பிரேக்குகள் மிகுதியாக உழைத்துச் சூடேறும். வளைவுகளில் டயர்கள் மிகுந்த பாரத்தைப் பற்றி நிறுத்த வேண்டியிருக்கும். ஆதலின் எடை என்பது ஓட்டுவோரின் உயிரோடும் தொடர்புடையது.

ஜெர்மனி நாட்டின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் எம் 4 காரின் புதிய தலைமுறையையும், 2022-ஆம் ஆண்டில் எம் 2 காரின் புதிய தலைமுறையையும் அறிமுகம் செய்தது. முன்னதன் நீளம் ஏறத்தாழ 479 சென்டிமீட்டர். பின்னதன் நீளம் 458 சென்டிமீட்டர். எம் 2 ஏறத்தாழ ஒரு சாண் குட்டையானது. ஆயினும், கையால் கியர் மாற்றும் வகையில் இரண்டின் எடையும் 1,700 கிலோகிராம் அளவே.

இதற்குக் காரணங்கள் பல. எம் 2 காரில் அமைந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், பெரிய காரில் உள்ள அதே இனத்தது. கியர்ப் பெட்டி, அச்சு, பிரேக்கு முதலியனவும் பெரும்பாலும் அத்தகையனவே. உடல் குறுகியதேயன்றி உறுப்புகள் குறுகவில்லை. மோதலின்பொழுது உள்ளிருப்போரைக் காக்கும் வலிய கூடும், காற்றுப் பைகளும், இருக்கைகளும் இரண்டிற்கும் வேண்டும். குறைந்துபோன அந்த ஒரு சாணில் பெரும்பகுதி மெல்லிய தகடும் வெற்றிடமுமே ஆகும்.

இனி, பொருளின் தன்மையை நோக்குவோம். எம் 4 காரின் கூரை கார்பன் இழையால் ஆனது. எம் 2 காருக்கு அக்கூரை வேண்டுவோர் தனியே பணம் செலுத்துதல் வேண்டும். அல்லாக்கால் எஃகுக் கூரையே கிடைக்கும். எடையைக் குறைக்கும் பொருள்கள் விலைமிக்கவை. விலை குறைந்த சிறிய காரில் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்த இயலாது.

உண்மையாகவே எடை குறைந்த சிறிய காரும் உண்டு. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலீஸ் என்னும் கார் ஏறத்தாழ 725 கிலோகிராம் எடையே உடையது. அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி அமைத்த அதன் சட்டகம் 68 கிலோகிராம்தான். எஞ்சினும் சிறியது; சொகுசுப் பொருள்களும் மிகச் சிலவே. வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கியதனால் வந்த இலேசு அது.

ஆகவே, ஒரு காரின் எடையை அறிய விரும்புவோர் அதன் நீளத்தை மட்டும் அளத்தல் போதாது. அது சுமக்கும் பொறிகளையும், செய்யப்பெற்ற பொருளையும், செய்தோரின் நோக்கத்தையும் ஆராய்தல் வேண்டும். கண் உருவை அளக்கும். எடையை அறியத் தராசே வேண்டும்.